நடுவில் குழிந்த கேக், மழைக்கு வியர்க்கும் பொம்மை: வீட்டுக் கைவேலையில் எது, எப்போது கெடுகிறது?

கோடை விடுமுறையில் கேக் சுடவும் பொம்மை செய்யவும் இறங்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் துணையாக அடுப்பருகே நிற்கும் பெரியவர்களுக்கும் எழுதியது இது. செய்முறை சொல்பவர்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே ஒழுங்காக நடக்காதவற்றை மட்டும் பார்க்கப் போகிறோம்.

ஒரு பொருள் கெட்டுப்போனால் "என்ன தப்பு?" என்று கேட்பதற்கு முன் "எப்போது தப்பானது?" என்று கேளுங்கள். அடுப்பில் இருக்கும்போதே குழிந்த கேக்கும், வெளியே எடுத்து ஆறும்போது குழிந்த கேக்கும் தட்டில் வைத்தால் ஒன்றுபோலவே தெரியும். காரணம் வேறு, மருந்தும் வேறு. காயும்போது வெடித்த பொம்மைக்கும் வண்ணம் பூசிய மறுநாள் வெடித்த பொம்மைக்கும் அப்படித்தான். ஆகவே பக்கத்தில் ஒரு கடிகாரமும் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கட்டும். எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தோம், எப்போது திறந்து பார்த்தோம் என்று குறித்துவையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கேக்

கீழே சொல்லும் கோளாறுகள் எல்லாம் முட்டையில்லாத இந்த எளிய தயிர் கேக்கை வைத்தே சொல்லப்படுகின்றன. மைதா ஒன்றரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. தயிரையும் சர்க்கரையையும் கரையும்வரை அடித்து, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து நான்கைந்து நிமிடம் விட்டால் நுரைத்து எழும். பிறகு எண்ணெய், எசென்ஸ், கடைசியாகச் சலித்த மைதா. ஏழு அங்குல டின்னில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். குக்கரில் என்றால் சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம்.

இதில் கப் என்றால் 240 மில்லி. உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 150 மில்லியாகவும் இருக்கலாம், 300 மில்லியாகவும் இருக்கலாம். "எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். மாவுக்கும் தயிருக்கும் அது சரி. சோடாவை யாரும் டம்ளரில் அளப்பதில்லையே! 150 மில்லி டம்ளரால் மாவை அளந்துவிட்டு, சோடாவை மட்டும் குறிப்பில் உள்ளபடி அரைத் தேக்கரண்டி போட்டால், வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சோடா உள்ளே போகிறது. பாதிக் கோளாறுகளின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் அளவுக் கப்பும் அளவுக் கரண்டியும் வாங்கிவிடுங்கள். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. குவித்து அள்ளாமல் கத்தியின் முதுகால் மட்டம் தட்டி அளக்க வேண்டும். மைதாவையும் கப்பால் அமுக்கி அள்ளக் கூடாது. கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு மட்டம் தட்டினால் 120 கிராம் அளவில் வரும். அமுக்கி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும்.

கேக் எழும்பவே இல்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது பொடிகளை. பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள்; உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சமையல் சோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள்; சீறிக்கொண்டு எழ வேண்டும். மெல்ல நாலு குமிழி வந்தால் அந்தப் பொட்டலத்தைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளலாம். பிரித்து ஆறு மாதம் தாண்டிய பேக்கிங் பவுடர் பெட்டியை, அதுவும் அடுப்புக்கு மேல் தட்டில் ஆவி பட்டுக்கொண்டிருந்த பெட்டியை, சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

பொடி நன்றாக இருந்தும் எழும்பவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சோடா தயிரிலுள்ள புளிப்பைத் தொட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்போது பிறக்கும் கரியமில வாயுதான் கேக்கைத் தூக்குகிறது. மாவைக் கலந்துவிட்டுப் பிறகு டின்னைத் தேடி, நெய் தடவி, அதன் பின் ஓவனைச் சூடாக்கினால், கேக்குக்குள் இருக்க வேண்டிய காற்று சமையலறைக்குள் போய்விடும். டின் தயார், அடுப்பு சூடு, அதற்குப் பிறகுதான் மாவில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. சோடா, பேக்கிங் பவுடரைவிட ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு வீரியமுள்ளது. ஆனால் புளிப்பு இல்லாமல் அது நன்றாக வேலை செய்யாது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவுச்சத்தும் முன்பே கலந்திருக்கின்றன. "தயிர் தீர்ந்துவிட்டது, பால் ஊற்றிக்கொண்டேன்" என்றால் சோடாவுக்கு ஜோடி இல்லாமல் போகிறது. பாலில் ஒரு மேசைக்கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பத்து நிமிடம் வைத்துத் திரித்துக்கொண்டால் ஒப்பேறும்.

நடுவில் குழிந்துவிட்டது

ஓவனுக்குள் இருக்கும்போதே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் எழும்பிய கேக் அமர்ந்ததா? அப்படியானால் அது தன் பலத்துக்கு மேல் எழும்பியிருக்கிறது. சோடா அல்லது பவுடர் அதிகம். வாயு வேகமாகப் பெருகி, மாவின் சுவர்கள் வெந்து இறுகும் முன்பே குமிழிகள் உடைந்துவிட்டன. அடுத்த முறை கால் பங்கு குறையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு ஊர்களும் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதே அளவு பொடி அதிகமாக ஊதிவிடும். சென்னைக்காரர் எழுதிய செய்முறையைக் கொடைக்கானலில் அப்படியே செய்தால் குழிவதில் வியப்பில்லை.

நீங்கள் கதவைத் திறந்து பார்த்த கையோடு அமர்ந்ததா? காரணம் அதுவேதான். முதல் 25 நிமிடம் திறக்காதீர்கள். குக்கர் மூடியையும் தூக்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த விதி செல்லுபடியாகாது என்பது தெரியும். மூத்தவர் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

வெளியே எடுக்கும்போது நன்றாக இருந்து, பத்து நிமிடத்தில் குழிந்ததா? உள்ளே வேகவில்லை. ஓரத்தில் குச்சி குத்திப் பார்த்து "சுத்தமாக வருகிறது" என்று எடுத்துவிட்டீர்கள். குச்சியை நட்ட நடுவில், அடிவரை குத்த வேண்டும். ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒன்றிரண்டு உதிர்ந்த துகள் ஒட்டினால் பரவாயில்லை. குழிந்த பிறகு திரும்ப ஓவனில் வைத்தால் எழும்பாது. உள்ளே வெந்திருக்கும் பகுதியை மட்டும் துண்டு போட்டு, கஸ்டர்டும் நறுக்கிய மாம்பழமும் அடுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் விருந்தாளிகளுக்கு விஷயம் தெரியாது.

அடி கருகியது, மேலே ஈரம்

இது பெரும்பாலும் குக்கர் கேக்கின் நோய். ஓவனில் மேலும் கீழும் சூடு வருகிறது. அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்தில் கீழிருந்து மட்டும். அதனால் டின் நேராக அடியைத் தொடக் கூடாது. அடியில் ஒரு அங்குலத்துக்கு உப்பையோ சுத்தமான மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தையோ தட்டையான சிறு தட்டையோ கவிழ்த்து, அதன்மேல் டின்னை வையுங்கள். மிதமான தீயில் பத்து நிமிடம் மூடிச் சூடாக்கிவிட்டு, டின்னை உள்ளே வைத்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும்.

குக்கராக இருந்தால் மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றியே ஆக வேண்டும். தண்ணீர் இல்லாத சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். ஆவி போக வழியும் வேண்டும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். தினமும் சாதம் வைக்கும் குக்கரை இதற்குப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வெறும் சூட்டில் அதன் அடி நாளடைவில் வளைந்துவிடலாம். பரணில் கிடக்கும் அடி கனமான பழைய பாத்திரமும் பொருத்தமான மூடியும் போதும். அந்த உப்பை ஆறவைத்துப் புட்டியில் போட்டு, "கேக் உப்பு" என்று எழுதி அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு மட்டும் ஆகாது.

மேலே ஆங்காங்கே நீர்த்துளி விழுந்த தடம் இருந்தால், மூடியில் படிந்த ஆவி சொட்டியிருக்கிறது. மூடியைச் சுத்தமான துணியால் கட்டிக்கொள்ளலாம், ஆனால் துணியின் நுனிகளை மேலே தூக்கி முடிந்துவிடுங்கள். தொங்கினால் தீப் பிடிக்கும். குக்கர் கேக்கின் மேற்புறம் வெளிறியிருப்பது கோளாறே இல்லை. மேலிருந்து சூடு வராதபோது பொன்னிறம் எங்கிருந்து வரும்? கவிழ்த்துப் பரிமாறுங்கள்.

ஓவனில் இதே கோளாறு வந்தால், கீழ்க் கம்பி மட்டும் எரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் எரிய வேண்டும். டின் நடுத் தட்டில் இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் கன்வெக்ஷன் முறையில்தான் இந்தக் கேக் சுட வேண்டும். சாதாரண மைக்ரோ முறையில் உலோக டின்னை வைக்கவே கூடாது, பொறி பறக்கும்.

மேலே வெடித்துக் கூம்பியது

சூடு அதிகம், அல்லது டின் சிறியது. ஓரமும் மேற்புறமும் சீக்கிரம் இறுகிவிட, நடுவில் மிச்சமிருக்கும் ஈரமாவு வழி தேடி மேலே பிளந்து வருகிறது. டின்னில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு மாவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஓவனின் திருகில் 180 என்று இருப்பதால் உள்ளே 180 இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. அடிக்கடி சுடுபவர்கள் வாங்கினால் ஒரு பெரிய குழப்பம் தீரும்.

அடியில் பிசுபிசுப்பான அடுக்கு

வெட்டிப் பார்த்தால் மேலே பஞ்சு, அடியில் அரை விரல் கனத்துக்குக் களி. தயிரில் தண்ணீர் அதிகமாக இருந்திருக்கும்; துணியில் கால் மணி நேரம் வடிகட்டிய பின் அளந்து எடுங்கள். இன்னொரு காரணம், மைதா போட்ட பிறகு பீட்டரால் அடித்துத் தள்ளுவது. மைதாவில் ஈரம் பட்டுக் கலக்கக் கலக்க அதிலுள்ள புரதம் இழுவையாகத் திரள்கிறது. பரோட்டாவுக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சிறு கட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் இருக்கட்டும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டிருந்தால் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும்: வறண்டு உதிரும். கோதுமை மாவு அதிக ஈரம் குடிக்கும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாக விட்டு, கலவையை ஊறவைக்காமல் உடனே சுடுங்கள். காத்திருந்தால் சோடாவின் வேகம் போய்விடும்.

சோப்பு வாடை, விநோத நிறம்

சோடா மிஞ்சிவிட்டது. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி மஞ்சள் தூள். செயற்கை நிறம் வேண்டாமென்று ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்ட கேக், சுட்டு எடுத்ததும் ஆங்காங்கே செந்நிறப் புள்ளியோடு வந்தால், அந்த இடங்களில் சோடா கரையாமல் கட்டியாக நின்றிருக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்குவது இதே வேதியியல்தான். சோடாவைச் சலிக்காமல் போடாதீர்கள், அளவுக் கரண்டியை மட்டம் தட்ட மறக்காதீர்கள்.

டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் அடியில்

மாவு மிக நீர்த்திருக்கிறது, அல்லது பழத்துண்டின் மேல் சர்க்கரைப் பாகு வழுக்குகிறது. டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பாகில் ஊறிய பப்பாளிக் காய்தான். அதை ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, உதறி, கடைசியாகச் சேர்த்தால் பெரும்பாலும் மிதந்து நிற்கும். பாதியை மாவில் கலக்காமல் மேலே தூவிவிடுவது இன்னும் எளிது.

டின்னை விட்டு வரவில்லை

சூடாகக் கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறவிட்டால் ஒட்டும். பத்து நிமிடம் ஆறியதும் ஓரமாகக் கத்தியை ஓட்டிக் கவிழ்க்க வேண்டும். டின்னின் அடியில் பட்டர் பேப்பர் வட்டம் போட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேக்கை முடிக்கும் முன் ஒன்று. கிண்ணத்தில் ஒட்டிய பச்சை மாவை வழித்து நக்கும் பழக்கம் வேண்டாம். முட்டை இல்லாத கலவையென்றாலும் மைதா வேகாத தானிய மாவு. அதில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்க இடமுண்டு.

நெய் பிஸ்கட் உருகிப் பரவியது

மைதா ஒரு கப், கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள். நான்கட்டாய் என்று நாம் வாங்குவது ஏறத்தாழ இதுதான். 170 டிகிரியில் 15 நிமிடம். தட்டெங்கும் பரவி ஒரே அப்பளமாக வந்தால் பழி நெய்யின் மேல். மே மாதத்தில் நம் ஊரில் நெய் எண்ணெயாகவே இருக்கும். அளப்பதற்கு முன் அதைக் குளிர்பெட்டியில் வைத்து வெண்ணிறமாக உறையவிட்டு, சர்க்கரையோடு தேய்த்து, பிறகு மாவு சேருங்கள். உருட்டிய உருண்டைகளையும் அரை மணி நேரம் குளிரவைத்துவிட்டு நேராகச் சூடான ஓவனில் வைக்க வேண்டும்.

உருட்டவே வராமல் உதிர்ந்தால் நெய் குறைவு. தண்ணீர் தெளிக்காமல் ஒரு தேக்கரண்டி நெய் சேருங்கள். கல்லாக வந்தால் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்திருக்கிறீர்கள், அல்லது "இன்னும் மெத்தென்று இருக்கிறதே" என்று ஐந்து நிமிடம் கூட வைத்திருக்கிறீர்கள். பிஸ்கட் ஓவனில் மொறுமொறுப்பாகாது, வெளியே வந்து ஆறும்போதுதான் ஆகும். அடி ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். மறுநாள் நமர்த்துப்போனால் முழுக்க ஆறும் முன் டப்பாவில் அடைத்ததே காரணம். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி அடையுங்கள்.

உப்பு மாவு பொம்மை வெடிக்கிறது

இனி கைவேலை. மைதா இரண்டு பங்கு, பொடியுப்பு ஒரு பங்கு, தண்ணீர் முக்கால் முதல் ஒரு பங்கு. கல்லுப்பு போட்டால் மேற்பரப்பு சொரசொரக்கும், பொடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பிசைந்து காது மடலின் மென்மைக்கு வந்தால் சரி.

காயும்போதே வெடிப்பு விழுந்தால் மேல்தோல் உலர்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் இன்னும் பருமனாக நிற்கிறது என்று பொருள். நேர் வெயிலும் ஒரு பக்கமாக வீசும் மின்விசிறியும் இதைச் செய்யும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். யானை, பிள்ளையார் என்று பருமனாகச் செய்ய ஆசையென்றால், உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக வைத்து அதன்மேல் மாவைப் போர்த்துங்கள். நிழலில் திருப்பித் திருப்பி வைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். அவசரமென்றால் ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். 120-ஐத் தாண்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பொம்மை பூரியாக உப்பிவிடும்.

கை, கால், தும்பிக்கை மட்டும் கழன்று விழுந்தால், ஒட்டிய இடத்தில் கீறல் போடவில்லை. இரண்டு பக்கமும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்த வேண்டும்.

வண்ணம் பூசிய மறுநாள் வெடித்தால், அல்லது வண்ணம் உரிந்தால், உள்ளே காயாமலே பூசியிருக்கிறீர்கள். கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்கும் பொம்மை இன்னும் காயவில்லை. விரலால் சுண்டினால் மண் ஓட்டைத் தட்டிய ஓசை வர வேண்டும்.

பொம்மை வியர்க்கிறது

கோடையில் செய்து அழகாக அலமாரியில் வைத்த பொம்மை ஐப்பசியில் பிசுபிசுக்கும், அடியில் நீர் கோக்கும். கடலோர ஊர்களில் கட்டாயம் நடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் அது சாதாரணம். மழை பெய்கையில் மேசையிலுள்ள உப்பு ஜாடிக்கு என்ன ஆகிறதோ அதேதான். வண்ணம் பூசிவிட்டதால் காப்பு வந்துவிடாது. வார்னிஷ் இரண்டு கை பூச வேண்டும், யாரும் பார்க்காத அடிப்புறத்தையும் சேர்த்து. பெரும்பாலும் ஈரம் புகுவது அந்த வழியாகத்தான். வியர்த்த பொம்மையைக் காப்பாற்ற, ஓவனில் 100 டிகிரியில் மறுபடி உலர்த்தி, சூடு ஆறிய உடனே வார்னிஷ் பூசுங்கள்.

வார்னிஷ் தூரிகை பட்டதும் வண்ணம் கரைந்து இழுபட்டால், நீங்கள் பூசியது போஸ்டர் வண்ணம், வார்னிஷ் நீரில் கரையும் வகை. காய்ந்த பிறகும் போஸ்டர் வண்ணம் ஈரம் பட்டால் இளகும்; அக்ரிலிக் இளகாது. நாய் வளர்க்கும் வீட்டில் இந்தப் பொம்மைகள் உயரத்தில் இருக்கட்டும். அவ்வளவு உப்பு நாயின் உடம்புக்கு நஞ்சு.

காகிதக் கூழ் நாறுகிறது

செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, பசை சேர்த்துச் செய்யும் கிண்ணமும் முகமூடியும் மூன்றாம் நாள் புளித்த வாடை அடித்தால், ஒரேயடியாகக் கனமாகப் பூசியிருக்கிறீர்கள். அரை சென்டிமீட்டர் பூசு, முழுக்கக் காயவிடு, அடுத்ததைப் பூசு. மைதா பசையை ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கண்ணாடி நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். வெறுமனே தண்ணீரில் கரைத்த மாவு ஒட்டவும் செய்யாது, சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் வேண்டாம். முறத்துக்கும் கூடைக்கும் காகிதக் கூழ் மெழுகிய நம் பாட்டிமார் அதில் ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துச் சேர்த்தார்கள். அதன் வழுவழுப்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். ஒரு முறை செய்துபாருங்கள், வாடையும் பிடிக்கும்.

அச்சாக வைத்த கிண்ணத்தை விட்டு வரவில்லை என்றால் தேங்காய் எண்ணெய் தடவ மறந்திருக்கிறீர்கள். பலூன் மேல் ஒட்டியது பாதியில் நசுங்கினால், காய வைத்த இடத்தைப் பாருங்கள். வெயிலில் பலூன் விரிந்து வெடிக்கும், இரவில் சுருங்கும். நிழலில், மின்விசிறிக்குச் சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள்.

தலையாட்டி பொம்மை எழுந்து நிற்கவில்லை

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளில் பழைய வகை, தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி. வீட்டில் செய்ய இதைவிட நல்ல பொம்மை கிடையாது. பழைய பிளாஸ்டிக் பந்தின் பாதி, கொஞ்சம் களிமண், மேலே காகிதத்தால் உடம்பு. கெடுவதற்கும் இதைவிட நல்ல பொம்மை கிடையாது.

தள்ளியதும் படுத்தே கிடந்தால் எடை மேலே இருக்கிறது. முழுப் பொம்மையின் எடை மையம், அடிப்பந்தின் வட்ட மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் சாய்க்கும்போது எடை மேலே ஏறும், விட்டதும் கீழே இறங்கிப் பொம்மையை நிமிர்த்தும். களிமண்ணைப் பந்தின் விளிம்புவரை நிரப்புவதுதான் எல்லோரும் செய்வது. அது தேவையில்லை. அடியில் ஒரு கட்டியாக வைத்து, முடிந்தால் நடுவில் ஒரு இரும்புத் திருகாணியைப் புதைத்தால் போதும். மேலே தலையும் கிரீடமும் எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாக. காகிதக் கூழில் திரண்ட தலை வைத்தால் கனம் தாங்காது. மெல்லிய அட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதன்மேல் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டினால் போதும்.

எழுகிறது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்றால், களிமண் ஈரமாக இருந்தபோது பந்து சரிந்து கிடந்திருக்கிறது. கட்டி ஒரு பக்கமாக ஒதுங்கிக் காய்ந்துவிட்டது. பந்தை ஒரு டம்ளரின் வாயில் நேராக உட்காரவைத்துக் காயவிட்டிருக்க வேண்டும். இனி உடைக்க வேண்டாம். சாயும் பக்கத்துக்கு நேர் எதிரே, உள்விளிம்பில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி, வைத்து வைத்துப் பாருங்கள். நேராக நின்றதும் அந்த இடத்தை வெள்ளைப் பசையால் உறுதிப்படுத்துங்கள். மேல் உடம்பை ஒட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். ராணிக்கு முகம் எழுதிய பிறகு கைவிட்டுத் திருத்த இடமிருக்காது.